கேள்வித்தாளை நீட்டும் முன்

கேள்வி: நாகர்கோவிலில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேரிடர்க் காலத்தில் பெண்கள் மீது நடக்கும் வன்முறை பற்றி ஆய்வு செய்ய ஆசை. 2017இல் ஒக்கி புயல் அடித்த சமயத்தில் என் சித்தியின் கடற்கரை ஊரில் பார்த்த சில விஷயங்கள் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த மழைக்கு முகாம் திறந்தால் 200 பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எத்தனை சதவீதம் பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று எடுக்கலாம் என்கிறார் வழிகாட்டி. போனில் கூகுள் ஃபார்ம் வைத்து, உதவிக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எப்படிக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்?

பதில்: எப்படிக் கேட்டால் சொல்வார்கள் என்கிறீர்கள். சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? அதற்குப் பதில் தயாராகும் வரை முகாமுக்குள் தாளோடு போக வேண்டாம்.

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானே செய்த தப்பு இது. 2005இல் எனக்கு உங்கள் வயதுதான். சுனாமியில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபட்டது நம் கன்னியாகுமரி மாவட்டம். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரை நெடுக வீடு போனவர்களைத் தார்ஷீட் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஷீட். அந்தப் பக்கம் குழம்பு கிண்டுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அப்படியொரு கொட்டகையில் மத்தியான வெக்கையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்: “வீட்டுக்காரர் கை நீட்டுவாரா அக்கா?” அவர் என்னைப் பார்க்கவில்லை, ஷீட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார், தேவைக்கு மேல் உரக்க. நான் ‘இல்லை’யில் டிக் அடித்துவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

மறுநாள் அந்தப் பக்கம் போனபோது அவர் முகம் கொடுக்கவில்லை. ராத்திரி சண்டையாம். “நேத்து வந்த பிள்ளைட்ட எனக்க மானத்த வித்தியா?” என்று கேட்டு அடித்தானாம். அவர் எதையும் விற்கவில்லை, இல்லை என்றுதான் சொன்னார். அடி விழ என் கேள்வியே போதுமாக இருந்தது. அந்தப் பொய் ‘இல்லை’ எங்கள் சதவீதத்திலும் ஏறியது. கேட்டதால் ஒரு பெண்ணுக்கு அடி விழுந்தது, எங்களுக்குக் கிடைத்ததும் தப்பான எண். இப்படிக் கேட்டால் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல், நெருக்கடிக் காலங்களில் பாலியல் வன்முறை பற்றித் தகவல் திரட்டுவோருக்காக எட்டுப் பரிந்துரைகள் வெளியிட்டது. அதில் ஒன்றை நான் கட்டளையாகவே எடுத்துக்கொள்வேன்: பாதிக்கப்பட்டவருக்கு வேண்டிய அடிப்படை உதவி அந்த இடத்தில் கிடைக்கும் என்று உறுதியான பிறகுதான், அவர் தன் அனுபவத்தைச் சொல்ல நேரக்கூடிய எந்த வேலையையும் தொடங்க வேண்டும். உதவி என்றால் ஆறுதல் வார்த்தை இல்லை. பாலியல் வன்முறைக்குப் பிறகு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம்தான் எல்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் கேரள எல்லைப் பக்கத்துக் கடற்கரை ஊர்களான தூத்தூரிலோ நீரோடியிலோ வெள்ளத்துக்குள் இருக்கிற பெண், நாகர்கோவில் பக்கத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு யார் துணையோடு, எந்த வண்டியில் போவார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்ப வருவேன்.

அடுத்து உங்கள் வழிகாட்டியின் சதவீதம். முகாமில் வந்து தங்கியிருக்கிற, பேச ஒத்துக்கொண்ட 200 பேரை வைத்து ‘இத்தனை சதவீதம்’ என்று எழுதினால் அது அந்த 200 பேரைப் பற்றியது மட்டுமே. பேரிடருக்குப் பிறகு வன்முறை கூடியது என்று எழுத முந்தைய அளவு வேண்டும். அது நம் மாவட்டத்துக்குக் கிடையாது. தேசியக் குடும்ப நல ஆய்வில் வன்முறைக் கேள்விகள் தேர்ந்தெடுத்த ஒரு பகுதி வீடுகளில் மட்டும் கேட்கப்படுவதால் மாநில அளவுக்கே எண் வரும், மாவட்ட அளவுக்கு வராது. (அந்த ஆய்விலும் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார்கள். அவ்வளவு பெரிய படையே அப்படி நடந்துகொள்கிறது.) புகார் எண்ணிக்கையையும் நம்பி இறங்காதீர்கள். நல்ல ஒரு பெண் அலுவலர் முகாமுக்கு வந்தாலே புகார் கூடும். வன்முறை கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, சொல்ல ஆள் கிடைத்தது என்றுதான் அர்த்தம்.

எண் இல்லாவிட்டால் அரசு அசையாது என்று உங்கள் வழிகாட்டி சொல்லக்கூடும். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2005இலும் 2015இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களைக் காட்டுங்கள். எந்தப் பேரிடரிலும் பெண்கள் மீதான வன்முறை நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு வேலையைத் தொடங்க வேண்டும், ஆதாரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்கின்றன அவை. கக்கூஸுக்கு உள்தாழ்ப்பாள் போட ஆய்வறிக்கை எதற்கு?

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஒக்கிக்குப் பிறகு கடற்கரையில் காகிதத்தோடு வந்த எல்லோரும் ஆதார், ரேஷன் கார்டு நகல் வாங்கிப் போனார்கள். ஒரு முறை ஒப்புதல் படிவத்தை நிதானமாக வாசித்துக் காட்டிவிட்டு, “சம்மதமா?” என்று கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் பிளாஸ்டிக் கவரோடு வந்து, “பாஸ்புக் ஜெராக்ஸ் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?” என்றார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது நிவாரணத்துக்குப் போட்டதாக இருந்திருக்குமே தவிர ஆய்வுக்கு இல்லை. அதனால் கையெழுத்தே வாங்காதீர்கள், வாய்ச் சம்மதம் போதும் என்று கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பெயர் எழுதிய காகிதம் ஒன்று குறைந்தால் ஆபத்தும் ஒன்று குறையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் பேரிடர்க் கால ஆய்வுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது, அதை அச்செடுத்து வழிகாட்டியின் மேசையில் வையுங்கள். “இதனால் பணமோ வீடோ கிடைக்காது, பேசாவிட்டால் எதுவும் குறையவும் செய்யாது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுந்து போவார்கள். போகட்டும்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முழு வாக்கும் கொடுக்காதீர்கள். பேசுகிறவர் 18 வயதுக்குள் என்றால், அல்லது ஒரு சிறுமிக்கு நடந்ததைச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவும் குற்றம். இதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்டு முடித்துவிட்டுச் சொல்வது ஏமாற்று. முதுகலை ஆய்வில் சிறுமிகளைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் என்றீர்களே, வேண்டவே வேண்டாம். அதே ஊர் என்றால் யாருக்காவது மைனியாகவோ மருமகளாகவோ இருப்பார்கள். நாகர்கோவில் பேச்சு பேசுகிற ஆளும் சரிப்படாது, கடற்கரைப் பேச்சு பாதி புரியாது. வேறு பங்கை (தேவாலய வட்டாரத்தை) சேர்ந்த, கொஞ்சம் வயதான கடற்கரைப் பெண் கிடைத்தால் நல்லது. கூகுள் ஃபார்மையும் விட்டுவிடுங்கள். போன் வீட்டில் நாலு பேர் கையில் புரளும், பதில்கள் உங்கள் மெயிலில் கிடக்கும்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். ‘ஒக்கியில் கணவரை இழந்த, குருசடிச் சிற்றாலயத்துக்குப் பக்கத்து வீட்டு, மூன்று பெண் பிள்ளைகளின் தாய் மேரி’ என்பதில் மேரி பொய்ப் பெயராக இருந்தாலும், ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். பாலியல் குற்றம் என்றால், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியும்படி அச்சிடுவதற்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

சரி, நேரடியாகக் கேட்கத்தான் வேண்டும் என்ற நிலை பிற்காலத்தில் வந்தால், ‘வன்முறை’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். நம் பக்கம் அந்தச் சொல்லுக்குக் கலவரம், பஸ் எரிப்பு என்றுதான் பொருள். “குடும்ப வன்முறைக்கு ஆளானீர்களா?” என்றால் இல்லை என்பார்கள். “சல்லியம் பண்ணுவாரா, கை நீட்டுவாரா, முடியைப் பிடிச்சு இழுத்ததுண்டா?” என்று செயலைச் சொல்லிக் கேட்டால் பேச்சு வரும் (சல்லியம் என்றால் தொல்லை). பங்குப் பேரவையிடம் அனுமதி கேட்கும்போது ‘பெண்கள் உடல்நலம்’ என்று சொல்லலாம், அது ஏற்கப்பட்ட வழக்கம்தான். ஆனால் அந்தப் பெண்ணிடம் உண்மையான பொருளைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மேல்தாளாக மீன் விலை, ரேஷன் பற்றிய கேள்விகள் இருக்கட்டும். யாராவது உள்ளே வந்தால் பேச்சு சாளை மீன் விலைக்கு மாற வேண்டும்.

இப்போது ஆசாரிபள்ளம் கேள்விக்குத் திரும்புவோம். உங்களுக்கான ஆய்வு அதில்தான் இருக்கிறது. “எத்தனை பெண்களுக்கு நடந்தது?” என்பதை விட்டுவிட்டு, “ஒரு பெண்ணுக்கு இரவு பத்து மணிக்கு நடந்தால், இந்த முகாமிலிருந்து உதவி கிடைக்க எத்தனை மணி நேரம், எத்தனை வாசல்?” என்று கேளுங்கள். இதற்குப் பாதிக்கப்பட்ட எவரையும் தேடிப் போக வேண்டாம், மழைக்காகவும் காத்திருக்க வேண்டாம். முகாமாகத் திறக்கப்படுகிற பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் இப்போதே போய்ப் பாருங்கள். கழிப்பறை எத்தனை அடி தூரம், உள்தாழ்ப்பாள் உண்டா, கரண்ட் போனால் வெளிச்சம் எது? பெண்களுக்கான துணியையும் நாப்கினையும் கையில் கொடுப்பது ஆணா பெண்ணா? தேவாலயத்தின் அன்பியக் கூட்டத்துப் பெண்களிடம் தரையில் சாக்பீஸால் முகாமை வரையச் சொல்லி, இருட்டிய பிறகு எந்தப் பக்கம் போக மாட்டீர்கள் என்று கேளுங்கள். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அவர்கள் சுற்றிக் காட்டும் இடங்கள் போதும்.

பிறகு கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர், மகளிர் காவல் நிலையம், குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “முகாமிலிருந்து ஒரு பெண் வந்தால் அடுத்து எங்கே அனுப்புவீர்கள்?” ஒருவர் சொல்வதும் அடுத்தவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்கள்தான் உங்கள் ஆய்வின் முடிவுகள்.

சித்தி ஊரில் பார்த்தது மனதை விடவில்லை என்கிறீர்கள். அது பணம் சம்பந்தப்பட்டது என்றால் அதற்கும் வழி உண்டு. ஒக்கியில் இறந்த, காணாமல் போன மீனவர் குடும்பங்களுக்கு அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்தத் தொகை யார் பெயரில் போடப்பட்டது, எடுக்க யார் கையெழுத்து, மருமகளுக்கு எவ்வளவு, மாமியார் வீட்டுக்கு எவ்வளவு? பணத்தைப் பறிப்பதும் வன்முறைதான், ஆனால் எந்தக் கேள்வித்தாளிலும் அதற்குக் கட்டம் இருக்காது. இதுவும் கவனமாகக் கேட்க வேண்டியதுதான். சித்தி ஊரில் மட்டும் கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் நடுவே கேட்காமலே ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். பேனாவைக் கீழே வையுங்கள். ஏன் அங்கே போனீர்கள், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண்ணை 108, ரேஷன் புகார் எண்களோடு சேர்த்து ஒரே அட்டையில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தால், அவர் கையில் மட்டும் அந்த எண் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. கூட வரச் சொன்னால் போங்கள். அவர் சொன்னது ஆய்வேட்டில் வர வேண்டாம்.

முதல் வேலையாக வரும் சனிக்கிழமை நீரோடியிலிருந்து ஆசாரிபள்ளத்துக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். எங்கெங்கே மாறினீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், டிக்கெட் எவ்வளவு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தை அதில் தொடங்கலாம்.