ஐந்து மில்லி எங்கே போனது? தாதிய மாணவர் கேள்வி பதில்

கேள்வி: கல்முனையில் வார்ட் பயிற்சியில் இருக்கும் இரண்டாம் வருட மாணவி நான். மருந்துக் கணக்குச் சூத்திரம் நல்ல பாடம். ஆனால் பரீட்சையில் விடை பிழைக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் சூத்திரத்தில் பிழை வராது, தங்கச்சி. அலகில்தான் வரும். கணக்கைத் தொடுமுன் விடை எவ்வளவு வரலாம் என்று ஒரு மதிப்புப் போடுங்கள். ஜென்டமைசின் 60 மில்லிகிராம் எழுதியிருக்கிறது, அம்பியூலில் 2 மில்லியில் 80 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். முழு அம்பியூலும் தேவையில்லை, ஆகவே விடை 2 மில்லிக்குக் குறைய வேண்டும். 60ஐ 80ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 1.5 மில்லி. 2.67 வந்தால் மேலும் கீழும் மாறிப் போட்டுவிட்டீர்கள்.

சேலைன் கணக்கில் விழுத்துவது நேரம். 1000 மில்லி, 8 மணித்தியாலம், 20 சொட்டு செற், அதாவது ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. 480க்குப் பதில் 8 போட்டால் 2500 வரும். அதை எந்தக் கண்ணாலும் எண்ண முடியாது. ஆனாலும் பரீட்சை மண்டபத்தில் அதை அப்படியே எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. 60 சொட்டு மைக்ரோ செற்றுக்குக் கணக்கே வேண்டாம்: மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

சிரிஞ்ச் பம்ப் கணக்குத்தான் உண்மையான சோதனை. நோயாளி 60 கிலோ. டோபமைன் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். 60 நிமிடத்துக்கு 18,000, அதாவது 18 மில்லிகிராம். 200 மில்லிகிராமை 50 மில்லியாக்கினால் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். 18ஐ 4ஆல் வகுக்க, மணிக்கு 4.5 மில்லி. இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, 60ஆல் பெருக்க மறப்பது. மற்றது தாளில் தெரியாது, கையில்தான் தெரியும்: அம்பியூல் 5 மில்லி, அதோடு 45 மில்லி சேலைன்தான் சேர்க்க வேண்டும். 50 மில்லி சேலைனை இழுத்துவிட்டு மருந்தையும் ஊற்றினால் மொத்தம் 55 மில்லி. பம்ப் 4.5 என்றுதான் காட்டும். நோயாளிக்குப் போவது ஒன்பது வீதம் குறைவு.

எழுதும்போது 0.5 என்று முன்னால் பூச்சியம் போடுங்கள். 5.0 என்று பின்னால் போடாதீர்கள். அவசரத்தில் புள்ளி மறைந்தால் அது 50. ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு போதும், ஆனால் கொப்பியில் இருந்து அல்ல. அன்று வார்டில் உண்மையாகக் கொடுத்த மருந்துகளின் அளவை எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: மகள் உயர்தரம் உயிரியல் எழுதிவிட்டாள். கிழக்குப் பல்கலைக்கழகமா, தாதியர் பயிற்சிக் கல்லூரியா? (சம்மாந்துறை வாசகர்)

பதில்: பல்கலைக்கழகப் பட்டம் நான்கு வருடம், இசற் புள்ளியில் தெரிவு. கல்லூரி டிப்ளோமா மூன்று வருடம், சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரும்போது போட வேண்டும்; படிக்கும் காலத்தில் கொடுப்பனவு உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் போடுங்கள். ஆங்கிலத்தை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிப்ளோமா முடித்து மட்டக்களப்பில் வேலை செய்கிறேன். அமெரிக்கத் தாதியர் உரிமப் பரீட்சையான என்க்ளெக்ஸ் எழுதுவதா, இங்கிலாந்துக்கு முயல்வதா? எது கடினம்? (காத்தான்குடி வாசகி)

பதில்: கடினம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. என்க்ளெக்ஸ் கணினி உங்கள் திறனைப் பார்த்து அடுத்த வினாவைத் தெரிவு செய்யும். குறைந்தது 85, கூடியது 150 வினா, ஐந்து மணித்தியாலம். முடித்த வினாவுக்குத் திரும்ப முடியாது. 85இல் நின்றுவிட்டது என்று அழுதுகொண்டு வெளியே வர வேண்டாம்; சித்தியிலும் நிற்கும், தோல்வியிலும் நிற்கும். 2023 ஏப்ரலில் இருந்து மூன்று நோயாளர் கதைகள், ஒவ்வொன்றிலும் ஆறு வினாக்கள் வருகின்றன.

நம்மவர் அங்கே தடுமாறுவது முன்னுரிமையில். இரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு நோ. முதலில் என்ன செய்வீர்கள்? வார்ட் பழக்கத்தில் கை 'டொக்டருக்கு அறிவித்தல்' என்ற விடைக்குப் போகும். பிழை. முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு புது செற்றில் நோர்மல் சேலைன், நாடி, இரத்த அழுத்தம், வெப்பநிலை, அதன் பிறகு டொக்டரும் இரத்த வங்கியும். பையை எறியக் கூடாது. சொட்டைக் குறைப்பது நல்ல விடை போலத் தெரியும்; ஆகாத இரத்தம் மெதுவாகப் போனாலும் ஆகாத இரத்தம்தான். 'உடனே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறதா' என்று பார்த்துவிட்டு டொக்டருக்குப் போங்கள்.

பெயர்களும் மாறும். நாங்கள் பரசிற்றமோல் என்பதை அமெரிக்காவில் அசிற்றமினோஃபென் என்பார்கள்; சல்பியூட்டமோல் அல்பியூட்டரோல், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். இங்கிலாந்துக்கானால் சீனி அளவை மில்லிமோலில் யோசிக்கப் பழகுங்கள்: மில்லிகிராம் கணக்கை 18ஆல் வகுத்தால் 126 என்பது 7 ஆகும்.

இங்கிலாந்து வழியில் முதலில் கணினிப் பரீட்சை: கணக்கு 15 வினா 30 நிமிடம், மருத்துவப் பகுதி 100 வினா இரண்டரை மணித்தியாலம். பிறகு அங்கே போய் ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை, பத்து நிலையங்கள். ஒஸ்கியில் புள்ளி போவது அறிவு குறைவால் அல்ல. கை கழுவாமல் ஆளைத் தொடுவது, கைப்பட்டியைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்பது, ஒவ்வாமைக் கட்டத்தை வாசிக்காமல் மருந்தை எடுப்பது. பெனிசிலின் ஒவ்வாது என்று அட்டையில் இருக்கும், கீழே அதே இனத்து அமொக்சிசிலினும் எழுதியிருக்கும். கொடுக்காமல் விட்டு, காரணத்தை எழுதுவதுதான் விடை. செய்வதை வாயாலும் சொல்லுங்கள். சொல்லாததைப் பரிசோதகர் ஊகிக்க மாட்டார்.

மொழிக்கு, சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.ரி. எழுதினால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் பி, எழுத்தில் சி பிளஸ். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்றால் 7, எழுத்தில் 6.5. வார்டில் நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றும் கடிதம் எழுதிப் பழகியவருக்கு ஓ.ஈ.ரி. எழுத்து இலகு என்பது என் எண்ணம்.

கேள்வி: வளைகுடாவுக்கு விண்ணப்பித்தேன். ஆவணச் சரிபார்ப்பில் தடைப்பட்டு நிற்கிறது. (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம், சான்றிதழ் தந்த இடத்திடமே நேரே கேட்கும். அநேகமாகச் சிக்கல் பெயரில் இருக்கும்: பாத்திமாவில் ஆங்கில எச் ஒன்றில் இருக்கும், மற்றதில் இராது, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிந்து, டிப்ளோமாவில் எழுத்தாக நிற்கும். பிறப்பு அத்தாட்சி, உயர்தரச் சான்றிதழ், டிப்ளோமா, பதிவு, கடவுச்சீட்டு ஐந்தையும் மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்துவதை முதலில் திருத்துங்கள்; முடியாததற்குச் சத்தியக்கடதாசி எடுங்கள். பயிற்சி மணித்தியால விபரத்தைக் கல்லூரியில் இன்றே எழுத்தில் கேளுங்கள், விரிவுரையும் வார்ட் நேரமும் தனித்தனியாகப் பிரித்து.