2024-25 சீசனில் மான்செஸ்டர் யுனைடெட் பாதியிலேயே மேனேஜரை மாற்றியது சரியா, தவறா?

அப்போது மேனேஜராக இருந்த எரிக் டென் ஹாக்கை அனுப்பியதில் எனக்கு வருத்தமே இல்லை. அனுப்பிய நேரமும், அதற்கப்புறம் செய்த வேலையும்தான் அந்த சீசனைக் கெடுத்தன.

2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்தோம். அந்த சந்தோஷத்திலேயே ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டி, டி லிக்ட், மஸ்ரவுய், சிர்க்சி, உகார்தே என்று ஆட்களையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்டோபர் 28 அன்று நீக்கினார்கள். அப்போது 9 ஆட்டத்தில் 11 புள்ளி, 14வது இடம். மே மாதமே முடிவெடுத்திருந்தால் புதிதாக வருகிறவருக்கு ஒரு முழுக் கோடை கிடைத்திருக்கும்.

இடையில் உதவிப் பயிற்சியாளர் ரூட் வான் நிஸ்டல்ரூய் நாலு ஆட்டம் பார்த்துக்கொண்டார். மூன்று வெற்றி, செல்சியோடு ஒரு டிரா. சீசன் முடியும்வரை அவரையே வைத்திருக்கலாம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். புது மேனேஜராக வந்த ரூபன் அமோரிமே சீசன் முடிந்து வருகிறேன் என்றுதான் கேட்டிருக்கிறார்; இப்போது வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று கிளப் சொன்னதாக அவரே வெளியில் சொன்னார்.

நான் தங்கச்சிமடம், வீட்டில் விசைப்படகுத் தொழில். எங்கள் பக்கம் வருஷத்தின் நடுவில் படகு டிரைவர் மாறுவதெல்லாம் சாதாரணம்தான். மீன்பாடு சரியில்லை என்றால் மாற்றுவார்கள், புது டிரைவரும் அதே ஆட்களை, அதே வலையை வைத்துத் தொழில் பார்ப்பார். இங்கே டிரைவரோடு சேர்த்து வலையையும் மாற்றினார்கள். நாலு பேர் டிஃபென்ஸில் ஆடிப் பழகிய அணியை மூன்று பேர் டிஃபென்ஸில் ஆடும் 3-4-3க்கு மாற்றச் சொன்னால் ஓரத்தில் மேலும் கீழும் ஓடுகிற விங் பேக் வேண்டும், அணியில் அதற்கென்று ஆளே இல்லை. அந்த இடத்துக்கு வாங்கிய டோர்கு வந்து சேர்ந்ததே பிப்ரவரியில். கார்னச்சோ மாதிரி விங்கில் ஓடியே வளர்ந்த பையனுக்கு அந்த முறையில் விங்கே கிடையாது. பயிற்சிக்கும் நேரமில்லை, நவம்பர் 24 இப்ஸ்விச் ஆட்டத்துக்கு முன்னால் முழு அணியோடு ஓரிரு நாள்தான் கிடைத்தது. அமோரிமின் கீழ் லீக்கில் 27 ஆட்டம்: 7 வெற்றி, 6 டிரா, 14 தோல்வி. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. மொத்தம் 42 புள்ளியோடு 15வது இடம், 1974-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு கீழே போனதே இல்லை.

ஆனாலும் அந்த சீசனை முழுசாக வெறுக்க என்னால் முடியவில்லை. யூரோப்பா லீக் காலிறுதியில் லியோனோடு ஆடிய ஆட்டம் இருக்கிறதே. ஏப்ரல் 17, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள், பெரிய வியாழன். கோயிலில் ஆராதனை முடிந்து வந்து மொபைலைத் திறந்தேன். 2-0 என்று முன்னால் இருந்து, கூடுதல் நேரத்தில 2-4 என்று பின்னால் போய், 114வது நிமிஷத்திலிருந்து புரூனோ, மைனூ, மக்வயர் என்று மூன்று கோல், 5-4. பெரிய வெள்ளி பிறந்துவிட்ட நேரம் என்பதால் கத்தவும் முடியாமல், அண்ணனும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டம் நமக்கு மே 22 நள்ளிரவு 12.30க்கு. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்ததால் தெருவில் பையன்கள் பத்துப் பேராவது விழித்திருந்தோம். எதிரில் டாட்டன்ஹாம், லீக்கில் 17வது இடத்தில் முடித்த அணி, ஆனால் அந்த சீசனில் ஏற்கெனவே மூன்று தடவை நம்மை அடித்த அணி. 42வது நிமிஷத்தில் ஒரு கோல், அதோடு சரி. நாலாவது தடவையும் தோற்றோம், அடுத்த வருஷம் ஐரோப்பியப் போட்டியே இல்லை என்றானது.

தோற்றது அன்று ராத்திரி வலித்தது. அதைவிட, நாலே ஆட்டத்தில் அணியை மறுபடி சிரிக்க வைத்த ரூட்டை நவம்பரில் வாசல்வரை கொண்டுபோய் விட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.