மலைச் சேறும் கடல் சேறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொட்டபெட்டா அருகே கிடைத்த பாறையில் செடி போன்ற கறுப்புக் கோடுகள் உள்ளன. நீலகிரி ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்ததா? (பள்ளி மாணவி, கோத்தகிரி)

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது புதைபடிவம் அன்று. பாறை வெடிப்பில் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடுப் படர்வு. நீலகிரியின் சார்னோகைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதில் சிப்பியைத் தேடிப் பயனில்லை. கடல் வந்துபோன தடத்தைக் காண அரியலூருக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கும் செல்லுங்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துக் கடல், சுருள் ஓடுடைய கடலுயிரிகளான அம்மோனைட்டுகளின் புதைபடிவங்களை அங்கே விட்டுச்சென்றிருக்கிறது.

மணல் மணி அளவுள்ள கடலுயிரி ஓடுகளை வைத்துப் பழைய கடல் மட்டத்தை எப்படிச் சொல்கிறார்கள்? (ஆசிரியை, குன்னூர்)

ஃபோராமினிஃபெரா என்பவை ஒற்றைச் செல் கடலுயிரிகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவற்றில் பல, தாம் வாழும் நீரிலிருந்தே கால்சியம் கார்பனேட்டை எடுத்து ஓடு கட்டுவதால், அந்நீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) விகிதம் ஓட்டில் பதிந்துவிடுகிறது. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 கொண்ட மூலக்கூறுகள் சற்று எளிதாக எழும்புகின்றன. மேகம் துருவத்தை நோக்கிப் போகும் வழியில் ஆக்சிஜன்-18 கொண்ட கனமான நீர் முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடுவதால், துருவத்தில் விழும் பனியில் அதன் பங்கு மிகக் குறைவு. பனியுகத்தில் அந்த இலேசான நீர் கடலுக்குத் திரும்பாமல் கண்டங்களின் மேல் கிலோமீட்டர் கணக்கில் உறைந்து நின்றது; கடலில் மிஞ்சிய நீர் கனத்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது, அந்த விகிதம் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு மாறியிருந்தது. இவ்வளவு நுண்ணிய மாற்றத்தை அளந்துவிட முடிகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடும். 1955இல் ஆய்வாளர் சேசரே எமிலியானி, கடலடிப் படிவுகளில் கண்ட ஏற்ற இறக்கங்களைப் பெரும்பாலும் வெப்பநிலை மாற்றமாகவே கொண்டார். ஆழ்கடலின் அடியில் வெப்பநிலை அதிகம் மாற இடமில்லை; அங்கே வாழ்ந்தவற்றின் ஓடுகளிலும் அதே ஏற்ற இறக்கம் இருப்பதை 1967இல் ஆய்வாளர் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் எடுத்துக்காட்டி, பெரும்பங்கு பனியின் கணக்கே என்றார். இன்று ஓட்டிலுள்ள மக்னீசியம், கால்சியம் விகிதத்தைக் கொண்டு வெப்பநிலையைத் தனியே கணித்து, இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

பனியுகத்தில் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாமா? (கூடலூர்)

போயிருக்கலாம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது. கடல் 120 மீட்டர் இறங்கியபோது அது நிலமாகவே இருந்தது.

எங்கள் ஊர்ச் சதுப்பைத் தோண்டினால் கறுப்பு மண் வருகிறது. இதற்கும் கடலாய்வுக்கும் தொடர்பு உண்டா? (விவசாயி, உதகை)

நெருங்கிய தொடர்பு உண்டு. அது முழுதாக மட்காத செடிகள் அடுக்கடுக்காகப் படிந்த பீட் மண். சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பன் ஐசோடோப்புகளை வெவ்வேறு விகிதத்தில் எடுத்துக்கொள்வதால், எந்தக் காலத்தில் எது மேலோங்கியது என்று அந்த அடுக்குகளில் படிக்கலாம். நீலகிரிப் பீட்டில் பதிந்திருந்த 20,000 ஆண்டு வரலாற்றை ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்டனர். பனியுக உச்சத்தில் புல் மேலோங்கியிருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் கூடியது. அரபிக்கடலிலோ, தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது ஓமன் கரையோரம் அடிநீர் மேலெழும்பி, குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்னும் ஃபோராமினிஃபெரா இனம் பெருகும். அதன் ஓடுகள் அங்கே பனியுகப் படிவில் குறைந்தும், பிந்தைய ஈரக் காலத்துப் படிவில் மிகுந்தும் கிடைக்கின்றன.

ஆனால் பனியுகக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. அந்நிலை வெப்பமண்டலப் புல்லுக்கே சாதகம். எனவே புல் பெருகியதற்கெல்லாம் மழைக்குறைவே காரணம் என்று மலைச் சேற்றை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கடல் சேற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

சதுப்பில் வடிகால் வெட்டாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நீர் வடிந்து காற்றுப் பட்டால் பீட் மட்கத் தொடங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பதிவு சில பத்தாண்டுகளில் அழியக்கூடும்.

மாணவர்கள் இந்த ஓடுகளை நேரில் பார்க்க முடியுமா? (குன்னூர் ஆசிரியையின் இரண்டாம் கேள்வி)

முடியும். கடற்கரைச் சுற்றுலாவின்போது அலை ஒதுங்கும் இடத்தில் ஒரு கைப்பிடி மேல்மணல் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, கறுப்புத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பொறுமையாகத் தேடுங்கள். அறை அறையாகச் சுருண்ட வெள்ளை ஓடுகள் தென்படலாம். ஆய்வகத்தில் 63 மைக்ரான் சல்லடையில் சேற்றைக் கழுவுவோம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றில், மணல் துகள்களை ஒட்டி ஓடு கட்டும் இனங்களும் உண்டு. அன்றாடக் கடலேற்றம் எட்டும் உயரத்துக்கேற்ப இனங்கள் மாறுவதால், பழைய கடல் மட்டத்தைக் கணிக்க அவை பெரிதும் உதவுகின்றன. ஆகவே பொட்டலத்தின் மேல் இடம், நாள், நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் எடுத்தது என்பதை அங்கேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.