மத்தியானம் தியேட்டர், சாயங்காலம் கடல்: வாசகர் கேள்வி – பதில்

லீவு விட்டால் பிள்ளைகள் சினிமா என்கிறார்கள், அவர்கள் அப்பா கடற்கரை என்கிறார். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிட முடியாதா?
– சமாதானம் பேசி அலுத்துப்போன ஓர் அம்மா

முடியும். ஆனால் எதை முதலில் வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் ஒரு முறை காலையில் கடல், மத்தியானம் படம் என்று திட்டம் போட்டேன். ஈர டிரவுசரோடு பையன் ஏசி ஹாலில் உட்கார்ந்தான், பத்தே நிமிடத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது, துண்டைப் போர்த்திவிட்டேன், டைட்டில் முடிவதற்குள் தூங்கிப்போனான். பெண் மட்டும் கடைசிவரை பார்த்தாள், அதுவும் உப்பு காய்ந்த காலைச் சொறிந்துகொண்டே. படம் முடிந்து எழுந்தால் சீட்டில் ஒரு பிடி மணல். நாலு டிக்கெட் காசைக் கொடுத்து மூன்று பேர் தூங்கிவிட்டு வந்தோம், அதில் நானும் ஒருவன்.

அதனால் மாற்றிப் போடுங்கள். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயிலில் புற ஊதாக் கதிர் உக்கிரமாக இருக்கும். அந்த நேரத்தை இருட்டு ஹாலுக்குக் கொடுத்துவிடலாம். படம் விட்டு வெளியே வரும்போது வெயில் சாய்ந்திருக்கும், கடல் காற்றும் பிடித்திருக்கும். (தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே உள்ள சூடான காற்று எழும்பிப் போக, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து வருவதுதான் நாம் வாங்குகிற காற்று.) மேகமாகத்தானே இருக்கிறது என்று மத்தியானமே கிளம்பிவிடாதீர்கள், மெல்லிய மேகம் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. குடைக்குக் கீழே உட்கார்ந்தாலும் மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை 25 சதவீதத்தையும் நம் மேலேயே திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீன் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி. வீட்டிலேயே பூசிக்கொண்டு கிளம்பி, அதோடு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

முதல் வரிசையில்தான் டிக்கெட் இருக்கிறது. வாங்கலாமா?
– கடைசி நிமிடத்தில் கிளம்பும் குடும்பம்

வேண்டாம். அடுத்த காட்சிக்குப் போங்கள்.

பெரிய படங்கள் எல்லாம் ஏன் கோடையிலேயே வருகின்றன? பிள்ளைகளுக்கு லீவு என்பது மட்டும்தான் காரணமா?
– சினிமா பைத்தியம்

லீவு ஒரு காரணம்தான், ஆனால் ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஏசி வருவதற்கு முன்னால் கோடையில் தியேட்டருக்குள் போவதும் அடுப்புக்குள் உட்காருவதும் ஒன்று, அமெரிக்காவில் பல தியேட்டர்களைக் கோடை முழுக்க மூடியே வைத்திருந்தார்கள். 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் வில்லிஸ் கேரியர் என்ற இன்ஜினியர் தன்னுடைய குளிரூட்டும் இயந்திரத்தை வைத்தார். முதல் நாள் கூட்டம் வழக்கம்போலக் கையில் விசிறியோடு வந்தது. ஹால் மெல்ல மெல்லக் குளிர, விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின என்று அவரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்கப்புறம் படம் எப்படி இருந்தாலும் சரி, குளிருக்காகவே ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். (நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்றைக்கும் அதற்காகத்தான் வருகிறார்கள், அதில் தப்பும் இல்லை.)

அப்புறம் 1975 ஜூனில் 'ஜாஸ்' என்ற சுறா படம் வந்தது. டிவியில் பெரிய அளவில் விளம்பரம் செய்து, அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியிட்டார்கள். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் பெரிய படத்தைக் கோடைக்கென்று எடுத்துவைக்கத் தொடங்கின.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1895 டிசம்பர் 28-ல் பாரிஸில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துக் குட்டிப் படங்களில் ஒன்று, பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடலில் குதிப்பது. ஒரு நிமிடம்கூட ஓடாது.

சுறா படம் பார்த்த நாளிலிருந்து என் ஒன்பது வயதுப் பெண் கடலில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?
– கவலையில் ஓர் அப்பா

முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அலைக்குள் இறக்கிவிடும் சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். 'ஒரு தடவை நனைஞ்சா பயம் போயிடும்' என்பார்கள். போகாது, கூடும்.

'ஜாஸ்' எடுத்த கதையை அவளிடம் சொல்லிப் பாருங்கள். அந்தச் சுறா ஓர் இயந்திரம். கடலில் இறக்கியதும் உப்புத் தண்ணீர் பட்டு அடிக்கடி மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலேயே, தண்ணீரையும் இசையையும் வைத்தே பாதிப் படத்தை ஓட்டினார்கள். பயமுறுத்தியது ரிப்பேரான ஒரு பொம்மை என்று தெரிந்தால் குழந்தை சிரித்துவிடும். நிஜத்தில், சீண்டாமலே சுறா கடித்து இறப்பவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் உலகம் முழுவதும் சேர்த்துப் பத்துப் பேரைத் தாண்டுவதில்லை.

நீரில் மூழ்கி இறந்தவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் சுமார் 3 லட்சம் பேர். கடல், குளம், ஆறு, கிணறு எல்லாம் சேர்த்து. இது அவளிடம் சொல்வதற்கு அல்ல, உங்களுக்கு.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஆனாலும் முட்டிக்கு மேல் போகாதே என்று என் மனைவி கரையிலிருந்து கத்துகிறாள். மானம் போகிறது.
– நீச்சல்காரர்

நான் உங்கள் மனைவி கட்சி. நீச்சல் தெரிந்தவர்கள்தான் தைரியமாக உள்ளே போகிறார்கள், அதனால் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அலை கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமே. மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒன்றுகூடி, குறுகலான ஓடை மாதிரி கடலுக்குள் பாயும். கொடுமை என்னவென்றால் பார்ப்பதற்கு அந்த இடம்தான் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடையும், நடுவில் மட்டும் உடையாது, தண்ணீர் சற்றுக் கலங்கலாக இருக்கும், நுரை கரைக்கு வராமல் கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். 'இங்கே அலையே இல்லை, குழந்தைகளுக்கு வசதி' என்று நாம் துண்டை விரிப்பது சரியாக அதற்கு எதிரில்தான். இந்த இழுப்பு சில சமயம் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகும், ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்தித் தோற்றுப்போவார்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும், ஆளை முடிப்பது களைப்பும் பதற்றமும். மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம். வேறு யாராவது மாட்டினால் நீங்கள் குதிக்க வேண்டாம், மிதக்கிற எதையாவது வீசிவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில், மன்னிக்கவும், முட்டிதான்.

கடற்கரைக்குப் போனால் என்னை மட்டும் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் வைத்துவிட்டு எல்லோரும் தண்ணீருக்குப் போய்விடுகிறார்கள்.
– ஒரு தாத்தா

உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. மகனிடம் சொல்லி அரை மணி நேரமாவது முறை மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் காலும் நனைய வேண்டாமா?

ஆனால் காவல் இருக்கும் நேரத்தில் செருப்பைப் பார்க்காதீர்கள், பேரப்பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருங்கள். சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டுவார், 'காப்பாத்துங்க' என்று கத்துவார். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கொஞ்ச நேரமும் மூச்சு வாங்கவே சரியாகப் போய்விடும், கத்த எங்கே நேரம்? கை மேலே ஆடாது, தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பு நெட்டுக்குத்தாக, தலை பின்னால் சாய்ந்து, கண்ணாடி மாதிரி வெறித்த பார்வை. பார்த்தால் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தான் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம், பக்கத்தில் இருக்கும் அப்பா போனில் ஒரு மெசேஜ் படிக்கும் நேரம். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே எழுந்திருங்கள். செருப்பு போனால் போகட்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஏன் தெரியவில்லை?
– ஒன்றாம் வகுப்பு மாணவன் (எழுதிக்கொடுத்தது அக்கா)

பூமி உருண்டை, அதனால் கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் கடல் வளைந்து கீழே போய்விடுகிறது. உன் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் உனக்குத் தெரியும் கடல் சுமார் மூன்றரை கிலோமீட்டர். அப்பா தோளில் ஏறிக்கொண்டால் ஐந்து கிலோமீட்டர். தூரத்தில் கப்பல் போனால் அதன் அடிப்பகுதி மறையும்வரை கீழே நின்று பார், மறைந்ததும் சட்டென்று தோளில் ஏறு, மறைந்ததில் கொஞ்சம் திரும்பத் தெரியும். கழுத்து வலிக்கிறது என்று அப்பா இறக்கிவிடுவதற்குள் பார்த்துவிடு.