கருவி இயங்கிய நாளே கணக்கின் தொடக்கம்

கேள்வி: என் மகனுக்கு மூன்றேகால் வயது. பிறவியிலேயே காது கேளாததால், இரண்டரை வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவியில் பொருத்தும் மின்கேட்புக் கருவி) அறுவை சிகிச்சை செய்தோம். கருவியை இயக்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. கூப்பிட்டால் திரும்புகிறான், ஆனால் ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு சொல் வரவில்லை. எதிர்வீட்டில் இதே வயதுப் பிள்ளை கதையே சொல்கிறது. சைகையை அடியோடு நிறுத்தினால்தான் பேசுவான் என்கிறார் என் மாமியார். அது சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எதிர்வீட்டுப் பிள்ளையோடுதான் ஒப்பிடுவீர்கள் என்றால், அது எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்த காலத்தோடு ஒப்பிடுங்கள். அப்போது அது மழலையில் உளறியிருக்குமே தவிர, பொருளறிந்து ஒரு சொல்கூடச் சொல்லியிருக்காது. கருவி இயங்கிய நாளிலிருந்து எண்ணினால், உங்கள் மகனின் கேட்கும் வயது எட்டு மாதம். அந்தக் கணக்கில் இரண்டு சொற்கள் குறைவல்ல.

இயல்பான உட்செவியில் ஒலியை உணரும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை, இந்தக் கருவி 12 முதல் 22 வரையிலான மின்முனைகளைக் கொண்டு செய்கிறது. அவன் பெறுவது நாம் கேட்கும் ஒலியன்று. அதன் சுருக்கமான மின்வடிவமே. அதற்குப் பொருள் காண மூளை பழக வேண்டுமாதலால், விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். விருந்தினர் வருகிறார்கள் என்று கழற்றி வைக்கும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டிலிருந்து’ என்று பொருளை மாற்றும் உருபுகள் சொல்லின் கடைசியில், பெரும்பாலும் தணிந்த குரலில் வருகின்றன; பேச்சு வழக்கில் அவற்றைப் பாதி விழுங்கியும் விடுகிறோம். ஆகவே மின்விசிறி, தொலைக்காட்சி இரைச்சலைக் குறைத்து, அவன் அருகில் அமர்ந்து, ஒற்றைச் சொற்களாக அல்லாமல் ‘தட்டிலே சோறு போடுறேன்’ என்பது போன்ற சிறு வாக்கியங்களாக, கடைசி எழுத்து வரை தெளிவாகப் பேசுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்க வேண்டாம். கேட்டது சேர்ந்த பிறகே பேச்சு வரும்.

சைகை பேச்சைக் கெடுத்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. இத்தனை நாள் உங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒரே மொழியைத் திடீரெனப் பறித்தால், அவன் பேசுவதைவிட அழுவதே அதிகமாகும். முதலில் வாயால் சொல்லுங்கள்; சில நொடி காத்திருங்கள்; புரியாவிட்டால் கையால் காட்டி, மீண்டும் வாயால் சொல்லி முடியுங்கள்.

நாள்தோறும் காலையில், அவன் முதுகுப்புறம் இருந்து ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாக எழுப்பிப் பாருங்கள். நேற்றுவரை ‘ஸ்’ ஒலிக்குத் திரும்பியவன் இன்று திரும்பாவிட்டால், பிள்ளையைக் குறை சொல்லாமல் பேட்டரியையும் வயரையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டாலோ, அடுத்த மூன்று மாதங்களில் புரிந்துகொள்ளும் சொற்கள் கூடாவிட்டாலோ, முறைப்படியான நாளுக்காகக் காத்திராமல் ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் வல்லுநர்) சென்று, எந்த ஒலி தவறுகிறது என்பதைச் சொல்லி மேப்பிங்கை, அதாவது அவனுக்கேற்பக் கருவியில் வைத்த ஒலி அளவுகளை, சரிபார்க்கச் சொல்லுங்கள்.