தலைவர் வந்ததும் கதை முடிந்துவிடுகிறது

தலைவரைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். 'தண்ணீர் வரவில்லை, தலைவரிடம் சொன்னோம், சரிசெய்தார்' என்று, குடிமையியல் பாடத்தை வைத்துக் கதை எழுதச் சொன்னால் உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றே வரியில் முடித்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் குடிமையியல் அவர்கள் மனதில் 'யாருக்கு என்ன வேலை' என்ற பட்டியலாக நிற்பதுதான் காரணம். பட்டியலில் மோதல் கிடையாது, அதனால் கதைக்கு நடுப்பகுதியும் கிடைப்பதில்லை.

இரு பக்கமும் நியாயம் இருக்கிற சிக்கலைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே மைதானம், சிறுவர்களுக்குப் பந்தாட வேண்டும், முதியவர்களுக்கு நிம்மதியாக நடக்க வேண்டும். இனி கூட்டம் கூடியாக வேண்டும், வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். தோற்றவர்கள் என்ன செய்வார்கள்? பெரும்பான்மை கைதூக்கினால் எதுவும் சரியாகிவிடுமா? விதியை உருவாக்குபவர், நடைமுறைப்படுத்துபவர், தகராறைத் தீர்ப்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். 'ஏன், ஒருத்தரே மூன்றையும் செய்தால் என்ன?' என்று யாராவது கேட்டால் அன்றைக்குப் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.

எழுதி முடித்ததும் 'அப்புறம்' எத்தனை, 'ஆனால்', 'அதனால்' எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். வெறும் 'அப்புறம்' என்றால் சம்பவங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை.

ஒரு எச்சரிக்கை: வகுப்பில் நிஜமாக நடந்த சண்டையைக் கருவாகக் கொடுக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் வில்லன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.