ஒரே பெயரில் மூன்று மீனவர்கள்: எவர் உங்கள் முன்னோர்?

கேள்வி: என் மருமகன் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால்காரர். அவருடைய முன்னோர் மவுஸ்ஹோல் என்ற கடலோர ஊரில் மீனவர்களாம். பேத்திக்காக வம்சாவளி எழுத உட்கார்ந்தேன். மவுஸ்ஹோல் தேவாலயப் பதிவேடு என்று ஒன்று கிடைக்கவே இல்லை. இணையத்தில் தேடினால் 1820களில் ஒரே குடும்பப்பெயரில் மூன்று வில்லியம்கள் வருகிறார்கள். எங்களுடையவர் எவர், எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, ரெடிங்)

பதில்: முதலில் ஊர்க் குழப்பம். ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரத்தைப் பங்கு (parish) என்பார்கள். மவுஸ்ஹோலுக்குத் தனிப் பங்குத் தேவாலயம் இருந்ததில்லை. துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் பால் (Paul) என்ற ஊரின் தேவாலயம்தான் மவுஸ்ஹோலுக்கும் பங்குத் தேவாலயம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அங்கேதான். அதனால் தேடும்போது ஊர்ப் பெயராகப் 'பால்' என்று கொடுங்கள். பக்கத்து நியூலினின் ஒரு பகுதியும் இதே பங்கில் இருந்தது. ஆனால் கார்ன்வாலின் வடகரைப் பக்கம் நியூலின் ஈஸ்ட் என்று வேறொரு பங்கு உண்டு. இணைய வம்சாவளிகளில் பாதிக் குளறுபடி இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால்தான் வருகிறது.

இங்கிலாந்தில் பங்குப் பதிவேடுகள் வைக்கச் சொல்லி 1538-இல் ஆணை வந்தது. ஆனால் பால் பங்கில் 1595-க்கு முந்தைய பதிவேடு எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்பானியர்கள் படகில் வந்து இறங்கி மவுஸ்ஹோலையும் தேவாலயத்தையும் கொளுத்திவிட்டார்கள். ஆகவே 1560-இலிருந்து இந்தப் பங்கில் ஆள்களை வரிசையாகக் காட்டும் வம்சாவளி கண்ணில் பட்டால், ஆதாரம் கேட்காமல் நம்பாதீர்கள்.

சரி, மூன்று வில்லியம்கள். மீனவ ஊர்களில் ஆண்களுக்கு இருந்தவை ஏழெட்டுப் பெயர்கள்தான். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, குடும்பத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எல்லோரும் ஞானஸ்நானப் பதிவில் தொடங்குவார்கள். நான் அடக்கப் பதிவில் தொடங்கச் சொல்வேன். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டதால் அடக்கத்தில் வயதும் குடியிருப்பும் இருக்கும். மூவரில் ஒருவர் இரண்டு வயதிலேயே இறந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கிளை அங்கேயே முடிந்தது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் வழக்கம் என்பதால், மூன்று பதிவுகளில் இரண்டு ஒரே வீட்டுடையதாகவும் இருக்கலாம்.

மிஞ்சியவர்களைப் பிரிக்கத் திருமணப் பதிவு வேண்டும். 1837 ஜூலைக்குப் பிறகு அதில் மணமகனின் தகப்பனார் பெயரும் தொழிலும் எழுதப்பட்டன. இரண்டு தகப்பன்மாரும் 'ஜான், மீனவர்' என்றே இருந்தால்? சாட்சிகள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பியோ மச்சானோதான் சாட்சி போடுவார்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1841, 1851 சென்சஸுக்குப் போங்கள், எந்த வீட்டில் பொருந்துகிறது என்று தெரியும். 1841-இல் உறவுமுறை இருக்காது, பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 1851-இல் உறவுமுறையும் பிறந்த பங்கும் உண்டு. எல்லோருக்கும் 'பால்' என்றே இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வில்லியமின் பிள்ளைகள் 1837-க்குப் பின் பிறந்தவர்கள் என்றால், அரசுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் கிடைக்கும். மனைவியை உறுதி செய்ய அதைவிட நல்ல வழி இல்லை.

பதிவேட்டில் இருக்கும் பெயர் வீட்டில் சொல்லும் பெயராகவே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள்களில் ஒருவர் எனப்படும் டாலி பென்ட்ரீத் மவுஸ்ஹோல் மீன்காரிதான். 1777 டிசம்பர் அடக்கப் பதிவில் இருப்பது 'டாலி ஜெஃப்ரி'. அது அவர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1860-இல் அவருக்கு நட்ட நினைவுக்கல்லோ தவறான இடத்தில் நின்றது. 1887-இல்தான் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தினார்கள். கல்லில் வெட்டியிருந்தாலும் ஒருமுறை சரிபாருங்கள் என்கிறேன்.

ஒருவர் சட்டென்று காணாமல் போனால் கடலை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் கிடைக்காதவருக்கு அடக்கப் பதிவே இருக்காது. மனைவி 'விதவை' என்று அடுத்த சென்சஸில் வருவதுதான் பல நேரம் கிடைக்கும் தடயம். உடல் வேறு ஊரில் ஒதுங்கியிருந்தால், அந்த ஊர்ப் பதிவேட்டில் பெயர் தெரியாத ஆணாக இருப்பார். கரை ஒதுங்கிய உடல்களைத் தேவாலயக் கல்லறையில் அடக்க வேண்டும் என்று 1808-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குக் காரணமே, அதற்கு முந்தைய டிசம்பரில் இதே கார்ன்வாலின் லோ பார் கரையில் நடந்த ஆன்சன் கப்பல் விபத்துதான்.

மெதடிஸ்ட் சபைக்குப் போன குடும்பம் என்றால் ஞானஸ்நானம் பாலில் இல்லாமல் போகலாம். மவுஸ்ஹோலில் அது சாதாரணம். சபைப் பதிவுகளைத் தனியாகத் தேடுங்கள்.

தொடக்கத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். ஃப்ரீரெக் (FreeREG), ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற இணையதளங்கள், கார்ன்வாலின் தன்னார்வலர்கள் நடத்தும் இணையப் பங்கு எழுத்தர் தளம் எல்லாம் இலவசம். ஆனால் அவை பெரும்பாலும் பெயர்த்தெழுதியவை. மூலப் பதிவேட்டை ரெட்ரூத்தில் உள்ள கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். எழுதும்போது 'எங்கள் குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள்' என்று கேட்காமல், பங்கு, ஆண்டு, எந்த வகைப் பதிவு என்று மூன்றையும் குறிப்பிட்டால் பதில் சீக்கிரம் வரும்.